புதிய ஆண்ட்ராய்டு கைபேசிக்கு அமைப்புகளை மாற்றுவது எப்படி?

கேள்வி:
வணக்கம். தொடர்பு எண்களும் படங்களும் கூகுள் கணக்கின் வழியே புதிய கைபேசிக்கு வந்துவிடும் என்று அறிவேன். ஆனால் ஜிபோர்டு விசைப்பலகையில் பல ஆண்டுகளாகச் சேர்த்து வைத்துள்ள ஊர்ப்பெயர்கள், உறவினர் பெயர்கள், வாட்ஸ்அப் உரையாடல்கள் ஆகியவற்றை இழக்காமல் கொண்டுசெல்ல வழி உண்டா?

மறுமொழி 1:
உண்டு. ஜிபோர்டு அமைப்புகளில் அகராதி, தனிப்பட்ட அகராதி, தமிழ் என்று வரிசையாகச் சென்றால், மேலே உள்ள ஏற்றுமதிக் குறியைத் தொட்டு, சேர்த்த சொற்கள் அனைத்தையும் ஒரு சிப் (zip) கோப்பாகச் சேமித்து, புதிய கைபேசியில் அதே இடத்தில் இறக்குமதி செய்துகொள்ளலாம். வாட்ஸ்அப்பில் 'உரையாடல்களை இடமாற்று' என்ற வசதி 2023 முதல் இருக்கிறது. இரு கைபேசிகளையும் அருகருகே வைத்து, வைஃபையை இயக்கி, கியூஆர் குறியீட்டை வருடினால் போதும்.

மறுமொழி 2:
மேலே சொன்னவற்றோடு ஒன்றை வலியுறுத்த விரும்புகிறேன்: கூகுள் ஆதென்டிகேட்டரில் (உள்நுழைவுக்கான சரிபார்ப்பு எண்களைத் தரும் செயலி) உள்ள கணக்குகளைக் கியூஆர் குறியீடு வழியே மாற்றி, புதிய கைபேசியில் உள்நுழைய முடிகிறதா என்று ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்க்கும் வரை பழைய கைபேசியில் உள்ளவற்றைத் தயவுசெய்து அழித்துவிடாதீர்கள். யுபிஐ செயலிகள் மட்டும் அப்படியே மாறிவராது. வங்கியில் பதிந்த எண்ணின் சிம் புதிய கைபேசியில் இருந்தால்தான் குறுஞ்செய்தி வழிச் சரிபார்ப்பு நடைபெறும்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. சிம்மைக் கடைசியாக மாற்றலாம் என்றிருந்தேன். இனி அதையே முதலில் செய்கிறேன்.