அப்பாவின் முதல் திதிக்கு அட்டை: பின்பக்கத்தில் என்ன போடலாம்?

குடமுருட்டிக்கரை:
அப்பா 11 வருஷம் பார்க்கின்சனோட (கை கால் நடுங்கி இறுகுற நரம்பு நோய்) இருந்து போனவர். ஊர் கும்பகோணம் பக்கம். ஆவணியில முதல் திதி. அட்டையோட முன்பக்கம் படம், பேரு, தேதி. பின்பக்கம் வழக்கமான இரங்கல் கவிதை வேண்டாம், இதே நோய் இருக்கிற வீட்டுக்கு உதவுற மாதிரி நாலு விஷயம் போடுன்னு அம்மா சொல்றாங்க. எதைப் போடலாம்? கூடவே ரெண்டு சந்தேகம். மிச்ச மாத்திரை ஒரு டப்பா கிடக்கு, என்ன பண்றது? போன்ல அவர் பேசினது கொஞ்சம் இருக்கு, குரல் கேட்கவே மாட்டேங்குது.

மருந்துப்பெட்டி:
தம்பி, முதல் வரி மாத்திரை நேரம்தான். இந்த நோய்க்குக் கொடுக்கும் முக்கிய மருந்தான லெவோடோபா சிறுகுடலில் ஏறுகிற அதே வழியில்தான் புரதமும் ஏறும். இரண்டும் முட்டிக்கொண்டால் மாத்திரை பின்தங்கிவிடும். சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால், இல்லாவிட்டால் சாப்பிட்டு ஒரு மணிக்கு மேல் கழித்து, வெறும் தண்ணீரில் போட வேண்டும். பால் காபியோடு விழுங்கிவிட்டு "இன்னைக்கு மாத்திரை வேலை செய்யல" என்பார்கள். குமட்டினால் இரண்டு பிஸ்கட்டோடு போடலாம். டாக்டரைக் கேட்டுப் பருப்பு, மீன், முட்டையை ராத்திரிக்குத் தள்ளலாம். ஆனால் மொத்த அளவைக் குறைத்தால் ஆள் இளைத்துவிடுவார். இரும்புச்சத்து மாத்திரைக்கு இரண்டு மணி இடைவெளி. சி.ஆர். (மருந்தை மெல்ல மெல்ல விடும் வகை) என்று போட்டதை நசுக்கவே கூடாது.

அடுத்தது ஆஸ்பத்திரி. வாந்திக்குப் போடும் மெட்டோகுளோப்ரமைடு, புரோகுளோர்பெரசின், ராத்திரி பிதற்றினால் கொடுக்கும் ஹாலோபெரிடால்: மூன்றும் உடல் அசைவுக்கு வேண்டிய டோபமைன் என்ற மூளை வேதிப்பொருளை மறிப்பவை, கை கால் இறுகிப்போகும். இந்த மூன்று பெயரையும் தடித்த எழுத்தில் அச்சடியுங்கள், அட்டையை நீட்டினாலே போதும். லெவோடோபாவைத் திடீரென்று நிறுத்தினால் கடும் காய்ச்சலும் இறுக்கமும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். விழுங்க முடியவில்லையென்றால் மூக்குக் குழாய் வழியாகக் கொடுக்க முடியுமா என்று உடனே கேட்க வேண்டும்.

மிச்ச மாத்திரையை யாருக்கும் கொடுக்காதீர்கள், வாய்க்காலிலும் போடாதீர்கள். டிகாஷன் இறக்கிய காபிச் சக்கையோடு கலந்து, கவரில் கட்டிக் குப்பைக்கு.

ரேழி:
நம்ம பக்கத்துப் பழைய வீட்டுல நிலைப்படிதான் ஆபத்தான இடம். ரேழியிலேர்ந்து முற்றத்துக்குத் திரும்புறப்போ கால் தரையில ஒட்டிக்கும். அப்ப கையைப் பிடிச்சு முன்னால இழுத்தா உடம்பு வரும், கால் வராது. நிக்க வச்சு, பாரத்தை ஒரு காலுக்கு மாத்தி, "ஒண்ணு, ரெண்டு"ன்னு எண்ணி மத்த காலை எடுக்கச் சொல்லணும். நிலைக்கு இந்தப் பக்கம் மூணு, அந்தப் பக்கம் மூணுன்னு குறுக்கே பட்டை போடுங்க, ஒண்ணரை அடிக்கு ஒண்ணு. கலர் டேப் போதும், கோலமாவு வழுக்கும். தன்னால நடக்கிற நடை தடைபட்டாலும், கோட்டைப் பார்த்துத் தாண்டுறது பல பேருக்கு வரும். திரும்புறப்போ நின்ன இடத்துல சுத்தாம அரைவட்டமா வரணும். ஊஞ்சல்ல உட்கார வைக்கவே வேண்டாம்.

தம்ளரையும் மறக்காதீங்க. எச்சில் படாம அண்ணாந்து குடிக்கிறது நமக்கு மரியாதை. இவங்களுக்கு அதுதான் வினை. தலை பின்னால சாஞ்சா தண்ணி மூச்சுக்குழாய்க்குப் போக வழி ஆயிடும். வாய் வச்சு, தாடையைக் கொஞ்சம் தாழ்த்தி, ஒவ்வொரு மடக்கா. ரசம் சாதம் தண்ணி தனி, பருக்கை தனியா இருந்தா புரையேறும், குழையப் பிசையணும்.

அரசலாறு:
வயல்ல அடிக்கிற மருந்துதான் காரணம்னும் ஒரு வரி போடலாமே?

மருந்துப்பெட்டி:
வேண்டாம். பாராகுவாட் என்ற களைக்கொல்லி போன்ற சில வயல் மருந்துகளோடு தொடர்பு இருப்பதை ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் குறிப்பிட்ட ஒருவருக்கு அதனால்தான் வந்தது என்று சொல்ல முடியாது.

ஒலிப்பதிவு:
குரல் தணிஞ்சு போறதும் இந்த நோயோட அடையாளம்தான், போன் மேல குத்தமில்ல. முதல்ல அசல் கோப்பை ரெண்டு இடத்துல நகல் எடுத்து வச்சுட்டு அதைத் தொடாதீங்க. நகலை ஆடாசிட்டின்னு ஒலியைத் திருத்துற இலவச மென்பொருள்ல திறந்து, அவர் பேசாம ஃபேன் மட்டும் ஓடுற ஒரு விநாடியைத் தேர்ந்தெடுத்து மாதிரியாக் கொடுங்க. பிறகு முழுசுக்கும் 6லேர்ந்து 12 டெசிபல் வரை இரைச்சலைக் குறைங்க. அதுக்கு மேல போனா தண்ணிக்குள்ளேர்ந்து பேசுற மாதிரி ஆயிடும். கடைசியாத்தான் ஒலியைக் கூட்டணும். முதல்லயே கூட்டினா ஃபேனும் சேர்ந்து கத்தும்.

குடமுருட்டிக்கரை:
டேப்பும் தம்ளரும் கண்டிப்பா உண்டு. அப்பாவோட நெல் கணக்கு நோட்டு ஒண்ணு இருக்கு, கடைசிப் பக்கங்கள்ல எழுத்து கடுகு மாதிரி. ஸ்கேனுக்கு 300 டி.பி.ஐ. (அங்குலத்துக்கு எத்தனை புள்ளிங்கிற அளவு) போதுமா?

ஒலிப்பதிவு:
600 வைங்க. பென்சில்ல எழுதியிருந்தா கறுப்பு வெள்ளை வேண்டாம், கலர்லயே எடுங்க.