வெயிலுக்குத் தயிர்ப் பழ ஐஸா, நீர்மோரா?

தஞ்சை மருமகள்:
கத்திரி வெயில் தொடங்கிவிட்டது, பள்ளிக்கூடமும் லீவு. மாலை நான்கு மணியானால் ஐஸ் வண்டியின் மணிச் சத்தம் கேட்டுப் பிள்ளைகள் காசுக்கு நிற்கிறார்கள். வீட்டிலேயே கெட்டித் தயிரையும் மாம்பழத்தையும் அடித்து, உறைய வைத்துக் கொடுத்துவிடலாம் என்பது என் கட்சி. எப்போதாவது செய்யும் விசேஷமாக இல்லை, மே மாதம் முழுக்க மாலைத் தின்பண்டமாகவே.

செய்முறை இதுதான். அரை லிட்டர் புளிக்காத தயிரை வெள்ளைத் துணியில் மூட்டையாகக் கட்டி, வடிகட்டி மேல் வைத்து, ஃப்ரிட்ஜுக்குள் நான்கு மணி நேரம் விடுங்கள். வெளியே தொங்கவிட்டால் இந்த வெயிலில் புளித்துவிடும். ஏறக்குறைய பாதி தண்ணீராக இறங்கிவிடும். மிஞ்சும் கெட்டித் தயிர் ஒரு கப், பங்கனப்பள்ளி அல்லது இமாம்பசந்த் கூழ் ஒரு கப், சர்க்கரை மூன்று மேசைக்கரண்டி, ஒரு சிட்டிகை உப்பு. சின்ன எவர்சில்வர் டம்ளர்களில் ஊற்றிக் குச்சி செருகினால் ஆறு ஐஸ் வரும். இரவு வைத்தால் மறுநாள் தயார். வடிந்த தண்ணீரைச் சப்பாத்தி மாவு பிசைய வைத்துக்கொள்ளலாம்.

கடையில் வாங்குவதில் எனக்கு உள்ள பெரிய குறை, அட்டையைப் படித்தால் பலவற்றில் 'ஐஸ்கிரீம்' என்றே இருக்காது. 'ஃப்ரோசன் டெசர்ட்' என்றிருக்கும். அதாவது பால் கொழுப்புக்குப் பதில் தாவரக் கொழுப்பு. ஐஸ்கிரீம் என்று பெயர் போட வேண்டுமானால் குறைந்தது 10 சதவீதம் பால் கொழுப்பு வேண்டும் என்பது நம் நாட்டு விதி. வீட்டில் செய்தால் உள்ளே என்ன போகிறது என்று எனக்குத் தெரியும்.

வேலூர்க்காரன்:
அம்மா, நான் மறுக்கிறேன். காரணத்தோடுதான்.

இனிப்பாக ஒன்று கொடுங்கள், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் 'வெயிலுக்கு' என்று சொல்லிக் கொடுக்கிறீர்களே, அங்கேதான் இடிக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 கிராம் சுத்தமான ஐஸ் வயிற்றுக்குள் உருகி உடம்புச் சூட்டுக்கு வர, உருகுவதற்கு 8 கிலோ கலோரி, பிறகு 37 டிகிரிக்கு ஏற இன்னும் 4, மொத்தம் 12 கிலோ கலோரி வெப்பத்தை எடுத்துக்கொள்ளும். சும்மா உட்கார்ந்திருக்கும் பெரியவர் உடம்பு ஒரு மணி நேரத்தில் 70, 80 கிலோ கலோரி வெப்பத்தை உண்டாக்குகிறது. ஆக உங்கள் ஐஸ் பத்து நிமிடத்துக்குத் தாங்கும். அதே 12 கிலோ கலோரியை வெளியேற்ற 20 கிராம் வியர்வை ஆவியானால் போதும். வியர்க்க உடம்பில் தண்ணீரும் உப்பும் இருக்க வேண்டும். அதைத் தருவது நீர்மோர்.

நீங்களோ தயிரிலிருந்து தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டு, மிச்சத்தில் சர்க்கரை போட்டு உறைய வைக்கிறீர்கள். வெயில் காலத்தில் எது வேண்டுமோ அதைத்தான் சப்பாத்தி மாவுக்கு அனுப்புகிறீர்கள்!

இன்னொன்று. தயிரும் பழமும் சேரக் கூடாது என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். சளி கட்டும், வயிறு மந்தமாகும் என்பார்கள். அதையும் யோசியுங்கள்.

தஞ்சை மருமகள்:
சார், கணக்கு சரி. ஆனால் நான் மோரை நிறுத்தச் சொல்லவே இல்லை. பதினொரு மணிக்கு இஞ்சியும் கறிவேப்பிலையும் தட்டிப் போட்ட மோர் எங்கள் வீட்டில் தினமும் உண்டு. நான்கு மணிக்குப் பிள்ளை கேட்பது மோர் இல்லை. அந்த நேரத்தில் என் ஐஸ் போட்டி போடுவது வண்டி ஐஸோடு, உங்கள் மோரோடு இல்லை.

தயிரும் பழமும் சேராது என்பதை நான் ஏற்கவில்லை. கல்யாண வீட்டுத் தயிர்சாதத்தில் மாதுளை முத்தும் திராட்சையும் போடாத ஊர் எது? மகாராஷ்டிரத்திலும் குஜராத்திலும் இதே கட்டித் தயிரில் சர்க்கரை சேர்த்து ஸ்ரீகண்ட், மாம்பழம் சேர்த்தால் ஆம்ரகண்ட் என்று பூரியோடு காலங்காலமாகச் சாப்பிடுகிறார்கள். நான் அதைக் குச்சியில் செருகுகிறேன், அவ்வளவுதான். ஏற்கெனவே சளியோ காய்ச்சலோ இருக்கும் பிள்ளைக்கு நானே கொடுக்க மாட்டேன்.

சர்க்கரை மூன்று மேசைக்கரண்டி என்றால் 37 கிராம் போல. ஆறாகப் பிரித்தால் ஒரு குச்சிக்கு 6 கிராம். சேர்க்கும் சர்க்கரையெல்லாம் நாளைக்கு 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்கிறது. பிள்ளைகளுக்கு அதையும்விடக் குறைவு என்று வைத்தாலும் 6 கிராம் அடங்கும். அடுத்த தடவை இரண்டு கரண்டியாகக் குறைக்கப் போகிறேன்.

பழைய ஐஸ் கடை:
குறைக்காதீர்கள் அக்கா. குறைத்தால் பல்லை உடைக்கும்.

பல வருஷம் குல்ஃபி போட்டவன் என்ற முறையில் சொல்கிறேன். ஐஸில் சர்க்கரையின் வேலை இனிப்பு மட்டும் இல்லை. தண்ணீரில் சர்க்கரை கரைந்தால் அது உறையும் நிலை கீழே இறங்கும். அதனால் ஃப்ரீசரின் மைனஸ் 18 டிகிரியிலும் கொஞ்சம் தண்ணீர் உறையாமல் பாகாக நிற்கும். அந்தப் பாகுதான் கடிக்கிற பதம். சர்க்கரையைக் குறைத்தால் பாகு குறைந்து எல்லாம் பனிக்கட்டி ஆகிவிடும். தவிர, நாக்கு குளிர்ந்தால் இனிப்பை உணர்வதும் குறையும். ஊற்றும் முன் ருசி பார்க்கும்போது 'கொஞ்சம் தூக்கலோ' என்று தோன்ற வேண்டும். அப்போதுதான் உறைந்த பிறகு சரியாக இருக்கும்.

தயிரை வடிகட்டியது நல்ல வேலை. தண்ணீர் எவ்வளவு அதிகமோ, ஐஸ் படிகம் அவ்வளவு பெரிசு. கடைக்காரர்களிடம் கடைந்துகொண்டே உறைய வைக்கும் மெஷின் இருக்கிறது, அதனால் படிகம் பொடியாகவே நிற்கும். வீட்டில் அது இல்லாததால் மூன்று விஷயம் பார்க்க வேண்டும். கொழுப்பு எடுக்காத முழுப் பாலில் உறை ஊற்றிய தயிராக இருக்கட்டும். இரண்டு மேசைக்கரண்டி பால் பவுடர் சேருங்கள், மிஞ்சிய தண்ணீரை அது பிடித்துக்கொள்ளும். கலவையை முதலில் ஃப்ரிட்ஜில் நன்றாகக் குளிர வைத்து, பிறகு ஃப்ரீசரில் சுவரை ஒட்டி வையுங்கள். சீக்கிரம் உறைந்தால் படிகம் சின்னதாக இருக்கும். அகலமான டம்ளரைவிட ஒல்லியான அச்சு நல்லது, அதுவும் இதே காரணத்தால்தான். அலுமினிய குல்ஃபி அச்சில் மட்டும் தயிரை ஊற்றாதீர்கள், புளிப்பு அலுமினியத்தை அரிக்கும். எவர்சில்வரோ உணவுக்கான பிளாஸ்டிக்கோ போதும்.

பழம் பற்றியும் ஒன்று. அன்னாசியைப் பச்சையாகத் தயிரில் அடித்து வைத்தால் கசக்கும். அதில் இருக்கும் நொதி பால் புரதத்தை உடைக்கிறது. உறைய வைத்தாலும் நொதி சாகாது. அன்னாசியைச் சர்க்கரையோடு ஒரு கொதி விட்டு, ஆறிய பின் சேர்த்தால் கசப்பு வராது. கிவியும் அப்படியே. மாம்பழம், சப்போட்டா, வாழைக்கு இந்தத் தொல்லை இல்லை. தர்பூசணி வேண்டாம். பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர்.

பாளை அம்மா:
பன்னீர் திராட்சையைத் தயிரில் முக்கித் தட்டில் பரப்பி உறைய வைத்தால் ஒவ்வொன்றாக எடுத்துத் தின்ன நன்றாக இருக்கிறது. குச்சி, அச்சு எதுவும் வேண்டாம். எங்கள் வீட்டில் மூன்று வயதுப் பையன் இருக்கிறான், ஒரு வயது நிறையாத குழந்தையும் இருக்கிறது. இருவருக்கும் கொடுக்கலாமா? சர்க்கரைக்குப் பதில் தேன் விடலாமா?

உணவியல் மாணவி:
அக்கா, முழுத் திராட்சையை உறைய வைத்து மூன்று வயதுப் பிள்ளை கையில் கொடுக்கவே கொடுக்காதீர்கள். உருண்டை, வழுக்கல், உறைந்ததால் கடினம். தொண்டையில் சிக்கினால் மூச்சை அப்படியே அடைத்துவிடும். இந்த வயதில் சாதாரணத் திராட்சையைக் கூட நீளவாக்கில் நான்காக வெட்டி, விதை எடுத்துத்தான் கொடுக்க வேண்டும். பன்னீர் திராட்சையில் விதை வேறு உண்டு. குச்சி ஐஸாக இருந்தால் பக்கத்தில் உட்காருங்கள். ஓடிக்கொண்டே தின்ன விடாதீர்கள்.

ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒரு பாக்டீரியாவின் வித்துகள் அந்த வயதுக் குடலில் வளர்ந்து நஞ்சை உண்டாக்கும். உறைய வைப்பதால் வித்துகள் அழியாது. சின்னக் குழந்தைக்குச் சர்க்கரையும் தேவையில்லை. மசித்த மாம்பழத்தோடு தயிரைச் சாதாரணமாக ஊட்டுங்கள்.

வேலூர்க்காரன்:
'உறைய வைப்பதால் அழியாது' என்று தங்கை சொன்னாரே, அதுதான் என் அடுத்த கேள்வி. எங்கள் பக்கம் மே மாதத்தில் மின்வெட்டு எப்போது வரும் என்று சொல்ல முடியாது. பாதி உருகி மறுபடி உறைந்ததைப் பிள்ளைகள் எடுத்துத் தின்றால்? உறைந்தால் சுத்தம் என்று நிறையப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். தயிரில் உள்ள நல்ல பாக்டீரியாவாவது பிழைக்குமா?

உணவியல் மாணவி:
நல்லவை பெரும்பாலும் பிழைக்கும் சார், எண்ணிக்கை கொஞ்சம் குறையும். கெட்டவையும் அதே மாதிரி செயலடங்கிக் கிடந்து, உருகியதும் பெருகும். அதனால் கை, கத்தி, துணி மூன்றும் சுத்தமாக இருக்க வேண்டும். கட்டும் துணியைக் கொதிநீரில் போட்டு எடுங்கள். கரண்ட் போனால் ஃப்ரீசரைத் திறக்காதீர்கள். திரும்பிப் பார்க்கும்போது ஐஸ் ஓரம் மட்டும் இளகி, நடுவில் கட்டியாக இருந்தால் மறுபடி உறைய வைக்கலாம், பதம்தான் கெடும். முழுக்க உருகி வெதுவெதுப்பாகிவிட்டது என்றால் கொட்டிவிடுங்கள்.

மயிலாப்பூர் மாடி:
வேலூர்க்காரன் சாரின் வியர்வைக் கணக்கு எங்களுக்குப் பொருந்தாது. வேலூர் வெயில் 40 டிகிரியைத் தாண்டினாலும் காற்று வறட்சி, வியர்வை காயும். சென்னையில் 36 டிகிரிதான் இருக்கும், ஆனால் கடல் காற்றின் ஈரத்தில் வியர்வை வழிந்து சட்டை நனைகிறதே தவிர ஆவியாவதில்லை. ஆவியாகாத வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. ஒரு லிட்டர் மோர் குடித்தாலும் எங்களுக்குப் புழுக்கம்தான். இங்கே நேராகக் குளிர்ந்த ஒன்றைத் தின்பதற்கு, பத்து நிமிடம் ஆனாலும், மதிப்பு உண்டு.

வேலூர்க்காரன்:
ஒத்துக்கொள்ளக்கூடிய பேச்சு தம்பி. புழுக்கத்தில் வியர்வைக்குப் பலன் குறைவுதான். ஆனால் வழிந்து வீணாகும் வியர்வையும் உங்கள் உடம்பிலிருந்துதான் போகிறது. தண்ணீரும் உப்பும் இழப்பதில் வேலூருக்கும் மயிலாப்பூருக்கும் வித்தியாசம் இல்லை. சொல்லப்போனால் உங்களுக்கு இழப்பு அதிகம். அதனால் மோர் முதலில், ஐஸ் பிறகு. வீட்டுக்குள் மின்விசிறிக்கு அடியில் இருக்கும் பிள்ளைக்கு ஐஸ் கொடுங்கள், சந்தோஷம். வெயிலில் விளையாடி முகம் சிவந்து வரும் பிள்ளைக்கு முதலில் ஐஸை நீட்டாதீர்கள். நிழலில் உட்கார வைத்து உப்புப் போட்ட மோர் கொடுங்கள். அந்தப் பிள்ளை தலைசுற்றுகிறது, வாந்தி வருகிறது என்றால் ஆஸ்பத்திரி.

நுங்கு கிடைக்கிற பருவத்தில் ஃப்ரீசரே எதற்கு என்பதும் என் எண்ணம். இமாம்பசந்தை அரைத்து உறைய வைப்பதில் எனக்கு உடன்பாடே இல்லை. அந்த மணம் அறை வெப்பத்தில்தான் முழுசாகக் கிடைக்கும்.

தஞ்சை மருமகள்:
இமாம்பசந்த் விஷயத்தில் விட்டுக்கொடுக்கிறேன் சார். அதன் விலைக்கு அப்படியே வெட்டித் தின்பதுதான் நியாயம். ஐஸுக்குப் பங்கனப்பள்ளி, அதுவும் தோல் சுருங்கி நன்றாகப் பழுத்தது போதும். விளையாடி வரும் பிள்ளைக்கு மோர் முதலில் என்பதும் சரி. மற்றபடி நான்கு மணி ஐஸ் எங்கள் வீட்டில் தொடரும்.

பழைய ஐஸ் கடை அண்ணாவுக்கு ஒரு கேள்வி. சர்க்கரையைக் குறைக்காதே என்றீர்கள். பதிலுக்கு நன்றாகப் பழுத்த மலைவாழை ஒன்றைக் கூடச் சேர்த்து, சர்க்கரையை இரண்டு கரண்டியாக ஆக்கினால் பதம் நிற்குமா?

பழைய ஐஸ் கடை:
வாழைப்பழம் என்றால் நிற்கும் அக்கா. அதில் சர்க்கரையும் உண்டு, கொழகொழப்பும் உண்டு. தோல் கறுக்கிற அளவுக்குப் பழுத்ததாக எடுங்கள். அடிக்கும்போது அரை எலுமிச்சை பிழிந்துவிட்டால் நிறம் கறுக்காது. பால் பவுடரை மட்டும் விட்டுவிடாதீர்கள். அச்சிலிருந்து எடுக்க வரவில்லை என்று குச்சியைப் பிடித்து இழுக்காமல், டம்ளரைச் சாதாரணத் தண்ணீரில் கொஞ்ச நேரம் நிறுத்துங்கள், தானே கழன்று வரும்.