குளத்தில் எடுத்த படம் கோயிலடியில் போய் நிற்கிறது: ரோ படங்களுக்கு இடம் பதிவது எப்படி?

துருசடி

வணக்கம். வன்னிக் குளங்களை ஒவ்வொன்றாகப் படம் எடுத்து வைக்கிறேன், பெரிய திட்டம் ஒன்றுமில்லை, ஞாயிறுகளில் பைக்கை எடுத்துக்கொண்டு போவதுதான். கமெரா பழைய நிக்கோன், ஜிபிஎஸ் கிடையாது, ரோவில் (கமெரா பதப்படுத்தாமல் விடும் மூலப் பைல்) மட்டும் எடுக்கிறேன். போனில் ஓஸ்மாண்ட் என்ற வரைபட அப்பை வைத்து, போன வழியை ஜிபிஎக்ஸ் பைலாகப் பதிந்தேன். வீட்டுக்கு வந்து டிஜிகாம் என்ற பட மென்பொருளில் இரண்டையும் பொருத்தினால், முதலில் ஒரு படம்கூடப் பொருந்தவில்லை. பிறகு நேர வலயத்தை +5:30 என்று மாற்றினேன், எல்லாம் பொருந்திவிட்டது, ஆனால் பிழையான இடத்தில்.

மாங்குளத்தால் திரும்பி ஒட்டுசுட்டானில் தான்தோன்றீஸ்வரரைக் கும்பிட்டுவிட்டு முத்தையன்கட்டுக்குப் போனேன். கோயில் கோபுரம் வரைபடத்தில் வீதியோரக் காட்டுக்குள் நிற்கிறது. குளத்தில் எடுத்த முதல் பத்துப் பதினைந்து படம் கோயிலடியில். அதற்குப் பிறகு எடுத்தவை குளக்கட்டில்தான் இருக்கின்றன, ஆனால் துருசின் (தண்ணீர் திறந்துவிடும் மதகு) படம் துருசில் இல்லை. ஒரு படம் தண்ணீருக்கு நடுவில், நான் வள்ளத்தில் ஏறவே இல்லை!

இன்னொன்று, ரோ பைலுக்குள்ளேயே இடத்தை எழுதலாமா, அல்லது பைல் பழுதாகுமா? வைத்திருப்பது ஒரே ஒரு பிரதி.

வீரைமரம்

தம்பி, முதலில் அந்தப் படங்களை இன்னொரு டிஸ்கில் பிரதி எடுத்துவிட்டு வாரும். பிறகு கதைப்போம்.

எடுத்தாச்சா? சரி. உம்முடைய கமெரா மணிக்கூடு பின்னுக்கு நிற்கிறது, வேறு ஒன்றுமில்லை. ஜிபிஎக்ஸ் பைலில் நேரம் செய்மதியிலிருந்து வருவது, அது உலகப் பொது நேரமான யூடிசியில் பதிவாகும், அதனால்தான் +5:30 சொல்லும்வரை ஒன்றும் பொருந்தவில்லை. கமெராவுக்கோ நீர் எப்போதோ கையால் வைத்த நேரம்தான் தெரியும். பைக்கில் மணிக்கு 35 கிலோமீற்றரில் போகிறவருக்கு 14 நிமிடப் பிழை என்றால் எட்டுக் கிலோமீற்றர் பின்னால் போய் நிற்கும், அதுதான் குளம் கோயிலுக்கு வந்தது. குளக்கட்டில் பிறகு எடுத்தவை ஓரளவு சரி என்று நினைக்க வேண்டாம், அவையும் அதே அளவு பிழைதான், நீர் அங்கேயே கட்டில் நடந்து திரிந்ததால் தெரியவில்லை.

எவ்வளவு பிழை என்று கண்டுபிடிக்க, போனில் செக்கன் காட்டும் மணிக்கூட்டைத் திறந்து வைத்துக் கமெராவால் ஒரு படம் எடும். படத்தில் தெரியும் நேரத்துக்கும் கமெரா பதிந்த நேரத்துக்கும் இடையில் உள்ள வித்தியாசம்தான் கணக்கு. பயணம் முடிந்து இரண்டு கிழமை ஆனாலும் பரவாயில்லை, இடையில் கமெரா நேரத்தைத் தொடாமல் இருந்தால் போதும். தொட்டுவிட்டீரா? அப்படியென்றால் கோயில் வாசலில் எடுத்த படத்தை வைத்துப் பாரும், பைக் கோயிலடியில் நின்ற நேரம் ஜிபிஎக்ஸில் ஒரே இடத்தில் புள்ளிகள் குவிந்து கிடப்பதில் தெரியும்.

அந்த வித்தியாசத்தை டிஜிகாமில் பொருத்தும் இடத்திலேயே கொடுக்கலாம். கூட்டுவதா கழிப்பதா என்று நான் இப்போதும் குழம்புவேன், ஆகவே இரண்டு படத்தில் பார்த்துவிட்டு மிச்சத்துக்குப் போடும். டார்க்டேபிள் என்ற மென்பொருளில் இது இன்னும் சுகம், மணிக்கூட்டுப் படத்தைத் தெரிவுசெய்து சரியான நேரத்தை எழுதினால் வித்தியாசத்தை அதுவே கணக்குப் பார்த்துக்கொள்ளும்.

தண்ணீருக்குள் நிற்கும் படம் வேறு கதை. மின்கலத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று போன் ஓஸ்மாண்டை நித்திரையாக்கியிருக்கும். அப்போது நடுவில் புள்ளி இல்லை, மென்பொருள் இரண்டு புள்ளிகளுக்கு இடையில் நேர்கோடு போட்டுக்கொள்ளும். முத்தையன்கட்டுக் கட்டு நேராகவா கிடக்கிறது? கட்டு வளைய, கோடு குளத்துக்குள்ளால் போகிறது. அடுத்த முறை போனில் அந்த அப்புக்கு மட்டும் மின்கலச் சிக்கனத்தை நிறுத்திவிடும்.

பாலைப்பழம்

வீரைமரம் அண்ணை சொன்னதோடு, ரோ பைல் பற்றிக் கேட்டதற்கு என் அனுபவம். நான் உள்ளே எழுதுவதில்லை. எக்ஸிஃப்டூல் என்ற மென்பொருளால் எழுத முடியும், எழுதும்போது பழைய பைலை ஒறிஜினல் என்ற பெயரோடு பக்கத்தில் வைத்தும் விடும், பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் பக்கத்தில் ஒரு எக்ஸ்எம்பி பைலில் (பட விவரங்களை மட்டும் வைக்கும் சின்னப் பைல், சைட்கார் என்பதும் இதுதான்) எழுதினால் ரோ தொடப்படாமலே இருக்குமே. டார்க்டேபிள் செய்வதே அதுதான். டிஜிகாமில் செட்டிங்கில் போய் சைட்காரில் மட்டும் எழுது என்று தெரிவுசெய்துவிடுங்கள்.

ஒரு பொறி இருக்கிறது, நான் ஒரு இரவு முழுக்க இதில் மினக்கெட்டேன். டிஜிகாம் வைக்கும் பெயர் படத்தின் பெயர், பிறகு நெஃப் (நிக்கோன் ரோ பைலின் பெயர் முடிவு), பிறகு எக்ஸ்எம்பி. லைட்ரூம் என்ற மென்பொருள் தேடுவதோ நெஃப் இல்லாமல் படத்தின் பெயரும் எக்ஸ்எம்பியும் மட்டும். ஆகவே லைட்ரூமில் திறந்தால் இடம் காலியாகத்தான் இருக்கும். டிஜிகாமில் வணிக மென்பொருட்களுக்கு ஏற்ற பெயர் வைக்கச் சொல்ல ஒரு சரிக்குறி உண்டு, அதைப் போட்ட பிறகு மறுபடி எழுதச் சொல்ல வேண்டும். லைட்ரூம் பக்கம் ஏற்கெனவே இறக்கிய படம் என்றால் மெட்டாடேற்றாவைப் பைலிலிருந்து வாசி என்று சொன்னால்தான் பார்க்கும். மறுவளமாக, லைட்ரூமின் வரைபடத்தில் நீங்கள் இடம் வைத்தால் அது கட்டலொக்கிலேயே (லைட்ரூமின் சொந்தப் பதிவேடு) கிடக்கும், பைலில் சேமி என்று சொல்லாதவரை வேறு மென்பொருளுக்குத் தெரியாது.

பழையநேரம்

நடுவில் புகுந்ததற்கு மன்னிக்கவும். என்னிடம் 2004இல் கிளிநொச்சியில் எடுத்த படங்கள் இருக்கின்றன, போரில் விழுவதற்கு முந்திய தண்ணீர்த் தாங்கி உட்பட. கமெரா கொழும்பு நேரத்தில் இருந்தது. நினைவிருக்கும், 1996இலிருந்து 2006 ஏப்ரல் வரை கொழும்பு மணிக்கூட்டை முன்னுக்குத் தள்ளி வைத்திருந்தார்கள், புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னி பழைய நேரத்திலேயே இருந்தது. ஓமந்தைச் சோதனைச் சாவடியைத் தாண்டி வன்னிக்குள் வந்தால் அரை மணித்தியாலம் திரும்பக் கிடைக்கும். எந்த நேரத்தைப் படத்தில் வைப்பது? ஜிபிஎக்ஸ் எல்லாம் அப்போது ஏது.

வீரைமரம்

ஜிபிஎக்ஸ் இல்லை என்றால் நேரம் இடத்தைத் தீர்மானிக்கப் போவதில்லை, ஆகவே அதை அப்படியே விடுங்கள் அண்ணை. பதிந்த நேரத்தை மாற்றாமல், குறிப்புப் பகுதியில் கொழும்பு நேரம், +6:00 என்று எழுதிவையுங்கள். படத்தைப் பிடித்து வரைபடத்தில் போட வேண்டியதுதான். தண்ணீர்த் தாங்கி ஏ9 வீதியில் எந்தப் பக்கம் நின்றது என்பது உங்களைப் போன்றவர்களுக்குத்தான் தெரியும்.

துருசடித் தம்பிக்கு இன்னொரு சொல். இடத்தைப் பதிந்து வைத்திரும், ஆனால் இணையத்தில் போடும் பிரதியில் நீக்கிவிடும், ஏற்றுமதி செய்யும் இடத்திலேயே அதற்குத் தெரிவு இருக்கிறது. பறவை கூடு கட்டியிருக்கும் மரத்துக்கு ஆட்களை நாங்களே கூட்டிக்கொண்டு போகத் தேவையில்லை.

துருசடி

14 நிமிடம் 20 செக்கன். இரண்டு படத்தில் பார்த்தேன், முதலில் கழித்தேன், கோபுரம் மாங்குளத்தை நோக்கி இன்னும் தள்ளிப் போனது. கூட்டினேன், கோயிலுக்கு வந்துவிட்டது. துருசும் துருசில் நிற்கிறது. தண்ணீருக்குள் நின்றதைக் கையால் இழுத்துக் கட்டில் விட்டேன். பாலைப்பழம் சொன்ன சரிக்குறியையும் போட்டாச்சு, லைட்ரூமில் தெரிகிறது.

அடுத்த ஞாயிறு வவுனிக்குளம். கமெரா நேரத்தைத் திருத்தப் போய்ப் பார்த்தால் தேதியும் ஒரு நாள் பின்னுக்கு நிற்கிறது. படங்கள் எப்படிப் பொருந்தின என்று இப்போது மண்டை காய்கிறது.

வீரைமரம்

படங்களைப் பொருத்திய பிறகு மின்கலத்தைக் கழற்றி மாட்டினீரா? உள்ளே மணிக்கூட்டுக்கென்று சின்ன மின்கலம் ஒன்று இருக்கிறது, பழைய கமெராவில் அது செத்திருக்கும். இனி ஒவ்வொரு பயணத்திலும் முதல் படம் மணிக்கூடு.