வீ வா மைதானத்தில் கேட்ட டாஃப்ட் பங்க் ஆல்பம்

பாரீஸைச் சேர்ந்த மின்னணு இசை இரட்டையர் டாஃப்ட் பங்க்கின் 'ரேண்டம் ஆக்சஸ் மெமரீஸ்' ஆல்பத்தை முதன்முதலில் எங்கே கேட்டீர்கள் என்ற பேச்சு வந்ததால் என் அனுபவத்தையும் எழுதுகிறேன். நான் அதை முழுதாகக் கேட்டது ஆஸ்திரேலியாவின் வீ வா என்ற ஊரில், 2013 மே 17 வெள்ளிக்கிழமை இரவு. அந்த ஆல்பத்தின் உலக வெளியீட்டு விழாவே அங்கேதான் நடந்தது.

வீ வா, நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் வடக்கே இருக்கும் பருத்தி ஊர். மொத்தமே இரண்டாயிரம் சொச்சம் மக்கள். ஆண்டுதோறும் விவசாயக் கண்காட்சி நடக்கும். அந்த ஆண்டு 79ஆவது கண்காட்சி. பாரீஸ்காரர்கள் இருவர் தங்கள் ஆல்பத்தை வெளியிட அந்த மைதானத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். அப்போது நான் சிட்னியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். கூடத் தங்கியிருந்த அண்ணன் ஒருவருக்கு இந்த வகை இசையே பழக்கமில்லை; இருந்தாலும் "கார் நான் ஓட்டுறேன், வா" என்றார். கிளம்பிவிட்டோம்.

அந்த வாரம் திங்கட்கிழமையே ஆல்பம் முழுவதும் இணையத்தில் கேட்கக் கிடைத்தது. நான் தொடவில்லை. அதிலிருந்து ஏப்ரலில் வந்த 'கெட் லக்கி' பாட்டு மட்டும்தான் காதில் இருந்தது. அது கடை, பேருந்து எங்கே போனாலும் ஓடிக்கொண்டிருந்தது.

இருட்டியதும் குளிர் ஏறிவிட்டது. கூட்டம் ஊரின் மக்கள்தொகையைவிட அதிகம். இளைஞர்கள் பக்கத்திலேயே தொப்பி வைத்த விவசாயிகள், குழந்தைகளைத் தோளில் ஏற்றிய அப்பாக்கள். டாஃப்ட் பங்க் இருவரும், அதாவது தாமஸ் பங்கல்தேரும் கி-மனுவேலும், வரவில்லை. வரமாட்டார்கள் என்பது எல்லாருக்கும் முன்பே தெரியும். ஆல்பத்தை முதல் பாட்டிலிருந்து கடைசி வரை பெரிய ஸ்பீக்கர்களில் ஒலிக்கவிடுவதுதான் நிகழ்ச்சி.

முதல் பாட்டிலேயே நைல் ராட்ஜர்ஸின் கிட்டார் வந்ததும் கால்கள் தானாக ஆட ஆரம்பித்தன. ஆனால் என்னை அப்படியே நிறுத்தியது மூன்றாவதாக வந்த 'ஜியோர்ஜியோ பை மொரோடர்'. ஒன்பது நிமிடப் பாட்டு. டிஸ்கோவுக்குள் சிந்தசைசர் என்ற மின்னணு இசைக்கருவியைக் கொண்டுவந்த ஜியோர்ஜியோ மொரோடர் தன் இளமைக்காலத்தைப் பேசிக்கொண்டே போகிறார். பின்னணியில் ஏதோ உணவகத்துச் சலசலப்பு. பிறகு சிந்தசைசர் மெதுவாக நுழைகிறது. அவர் பேசி முடித்ததும் பேஸ் கிட்டாரும் ஓமர் ஹக்கீமின் டிரம்ஸும் சேர்ந்து ஏறுகின்றன, ஏறிக்கொண்டே போகின்றன. திறந்தவெளியில் அந்த டிரம்ஸ் நெஞ்சில் வந்து அறைந்தது. அண்ணன் என் பக்கம் திரும்பி, "இது ஆள் வாசிக்கிறதா, மெஷினா?" என்று கேட்டார்.

என்னைக் கேட்டால், அந்த ஆல்பத்தை அதைவிடச் சரியாக யாரும் விசாரிக்க முடியாது. இந்த இருவரும் 1997இல் வந்த 'ஹோம்வொர்க்'கிலிருந்து டிரம் மெஷினையும், பழைய பதிவுகளின் துண்டுகளை (சாம்பிள்) எடுத்து ஒலிக்கும் சாம்பிளரையும் வைத்தே பேர் வாங்கியவர்கள். 2005 ஆல்பத்தைச் சில வாரங்களில் முடித்தவர்கள். அவர்களே இதற்கு 2008 தொடங்கி 2012 வரை எடுத்துக்கொண்டு, எழுபதுகளிலும் எண்பதுகளிலும் வேலை பார்த்த ஸ்டுடியோ வாத்தியக்காரர்களைத் தேடிப் பிடித்து, பழைய டேப் இயந்திரத்தில் பதிந்தார்கள். சாம்பிள் எடுத்தது ஒரே ஒரு பாட்டுக்கு. மொரோடர் சொன்ன மைக் கதையைப் பலரும் கேட்டிருப்பீர்கள்: அவர் பேச்சைப் பதிய வெவ்வேறு காலத்து மைக்குகளை வரிசையாக வைத்திருந்தார்களாம். இந்த வித்தியாசம் யாருக்குத் தெரியும் என்று மொரோடர் கேட்க, யாருக்கும் தெரியாது, ஆனால் அவர்கள் இருவருக்கும் தெரியும் என்றாராம் ஒலிப்பதிவாளர். கேட்பவன் கவனிக்காத இடத்திலும் இவ்வளவு உழைப்பைப் போட்டவர்கள் மேல் எனக்கு அன்றிலிருந்து தனி மரியாதை.

நடுவில் 'டச்' வந்தபோது கூட்டம் கொஞ்சம் தளர்ந்தது. ஆடுவதற்கான பாட்டில்லை அது. அதைப் பாடிய பால் வில்லியம்ஸ் குரலுக்கு வீட்டுத் தனிமைதான் சரி. 'கெட் லக்கி'க்கு மைதானம் முழுவதும் சேர்ந்து பாடியது, அது எதிர்பார்த்ததுதான்.

கடைசிப் பாட்டு 'கான்டாக்ட்'. அந்த ஒரே சாம்பிள் இதில்தான். தி ஷெர்ப்ஸ் என்ற ஆஸ்திரேலியக் குழுவின் பழைய பாட்டு அது. ஆஸ்திரேலியாவிலிருந்து போனது, பாரீஸ் சுற்றி, வீ வாவுக்கே திரும்பி வந்து ஒலித்தது. தொடக்கத்தில் வருவது அப்போலோ 17 நிலவுப் பயணத்தில் விண்வெளி வீரர் யூஜின் செர்னன் பேசிய பதிவு. விண்கலத்துக்கு வெளியே மின்னி மின்னித் தெரியும் ஏதோ ஒன்றை விவரிக்கிறார். வீ வாவுக்குப் பக்கத்திலேயே, நராப்ரை அருகே, 22 மீட்டர் அகல ரேடியோ தொலைநோக்கிகள் ஆறு வானத்தைப் பார்த்து நிற்கின்றன. அந்த ஊரில் அந்தப் பாட்டைக் கேட்டது தனி அனுபவம். முடிவில் இரைச்சல் ஏறி ஏறி, ஸ்பீக்கர் வெடித்துவிடுமோ என்று தோன்றும் அளவுக்குப் போய் அறுந்தது.

அடுத்த ஜனவரியில் ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி விருது வந்தது. 2021 பிப்ரவரியில் இருவரும் பிரிந்துவிட்டார்கள். 2023இல் டிரம்ஸ் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு இதே ஆல்பத்தை மறுபடி வெளியிட்டார்கள். பாடல்களின் உள்வேலை அதில் துல்லியமாகக் கேட்கும், கட்டாயம் கேளுங்கள். ஆனால் 'ஜியோர்ஜியோ'வை மட்டும் ஹக்கீமின் டிரம்ஸோடு, நல்ல ஸ்பீக்கரில், சத்தமாகக் கேளுங்கள்.