கீழடி அருங்காட்சியகத்திற்கு ஏழாம் வகுப்பை அழைத்துச் செல்வது பற்றி

வைகைக்கரை ஆசிரியை:
மானாமதுரை வட்டாரத்து அரசு நடுநிலைப் பள்ளி ஒன்றில் சமூக அறிவியல் கற்பிக்கிறேன். இந்தப் பருவத்தில் ஏழாம் வகுப்பைக் கீழடி அருங்காட்சியகத்திற்கு அழைத்துச் செல்லவிருக்கிறோம். முன்பு வேறொரு பள்ளிப் பிள்ளைகளுடன் சென்றிருந்தேன். அவர்கள் ஆறு காட்சிக்கூடங்களையும் வரிசை கலையாமல் நடந்து முடித்தார்கள். வெளியே வந்தபின் கேட்டால், செட்டிநாட்டு வீட்டைப் போன்ற அந்தக் கட்டடத்தைத் தவிர வேறெதையும் அவர்களால் சொல்ல முடியவில்லை. என் வகுப்பில் விளக்கப் பலகைகளைத் தடுமாறாமல் வாசிக்க இயலாதவர்களும், பார்வைக் குறைபாடுள்ள மாணவி ஒருவரும் இருக்கிறார்கள். இவர்களுக்கும் பயன்படும்படி இந்தப் பயணத்தை எப்படி அமைக்கலாம்?

பழைய தலைமையாசிரியர்:
அம்மா, ஆறு கூடங்களையும் ஒரே நாளில் காட்ட வேண்டும் என்ற எண்ணத்தை முதலில் கைவிடுங்கள். பானைகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊரில் இன்றும் கடம் செய்கிறார்கள், சக்கரம் சுழல்கிறது, சூளை எரிகிறது. இந்த வசதி மற்ற ஊர்ப் பள்ளிகளுக்கு வாய்க்காது. புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பாகவே பிள்ளைகளை வேளார் (குயவர்) வீடு ஒன்றுக்கு அழைத்துச் சென்று, மண் பிசைவதிலிருந்து சூளை அடுக்குவது வரை பார்க்கச் செய்யுங்கள். கீழடியில் கிடைத்த கறுப்பு சிவப்புப் பானைகளின் உட்புறமும் வாய்ப்பகுதியும் கறுப்பாகவும், வெளிப்புறத்தின் கீழ்ப்பகுதி சிவப்பாகவும் இருக்கும். பானையைக் கவிழ்த்து வைத்துச் சுட்டதால் காற்றுப் படாத பகுதி கறுத்தது என்பதே பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். சூளையைக் கண்ணால் கண்ட பிள்ளை, பலகையை வாசிக்காமலேயே இதை மற்றவர்களுக்கு எடுத்துச் சொல்லும். குயவர் வீட்டுப் பிள்ளை வகுப்பில் இருந்தால், அன்றைக்கு அந்தப் பிள்ளைதான் ஆசிரியர்.

தொல்லியல் மாணவன்:
ஐயா சொன்னதோடு எழுத்துப் பொறித்த பானை ஓடுகளையும் சேர்த்துக்கொள்ளலாம். ‘ஆதன்’, ‘குவிரன்’ போன்ற பெயர்கள் பெரும்பாலும் பானையின் தோள்பட்டையில் கீறப்பட்டிருக்கின்றன. சில ஈர மண்ணில் எழுதப்பட்டவை. சில சுட்ட பிறகு கீறப்பட்டவை. கையெழுத்தும் ஒன்றுபோல் இல்லாததால், குயவர் மட்டுமன்றி, பானையை வாங்கியவர்களும் எழுதியிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். எந்த ஓடு எந்த வகை என்று பிள்ளைகளையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். கோட்டின் ஓரம் வழவழப்பாக இருக்கிறதா, பெயர்ந்திருக்கிறதா என்று பார்த்தாலே ஓரளவு தெரிந்துவிடும்.

இன்னொன்று: ‘கீழடிப் பொருள்கள் எல்லாம் 2600 ஆண்டுப் பழமையானவை’ என்று பிள்ளைகள் எழுதிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நான்காம் கட்ட அகழாய்வில் 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த கரித்துண்டு ஒன்று அமெரிக்க ஆய்வகத்தில் பகுப்பாய்வு செய்யப்பட்டு, கி.மு. 580 என்ற காலம் கிடைத்தது. மேல் அடுக்குகளில் கிடைத்தவை அதற்குப் பிந்தையவை. ஆழம் கூடக் காலம் பின்னோக்கிப் போகும் என்பதைப் புரியவைக்க, சற்றுத் தள்ளியிருக்கும் அகழாய்வுக் குழிகளின் ஓரத்தில் நின்று மண் அடுக்குகளைக் காட்டுவதே சிறந்த வழி.

வைகைக்கரை ஆசிரியை:
இருவருக்கும் நன்றி. ஆனால் கண்ணாடிப் பேழைக்குள் இருப்பதை அந்த மாணவி எப்படி அறிந்துகொள்வாள்?

கொந்தகைக்காரன்:
டீச்சர், மாதிரிப் பொருள்களைத் தொட்டுப் பார்க்க அனுமதி உண்டா என்று முன்கூட்டியே அலுவலகத்தில் எழுத்துப்பூர்வமாகக் கேட்டுவிடுங்கள். வாசலில் போய் நின்று கேட்டால் காவலாளி வேண்டாம் என்றுதான் சொல்வார். அனுமதி கிடைக்காவிட்டாலும் கவலை இல்லை. வேளாரிடம் உடைந்த சட்டி ஓடுகளும் சுடாத பச்சைப் பானை ஒன்றும் வாங்கி, ஈர மண்ணிலும் சுட்ட ஓட்டிலும் அந்தப் பெண்ணையே தன் பெயரைக் கீறச் சொல்லுங்கள். தம்பி சொன்ன வேறுபாட்டைக் கண்ணை விட விரல் நுனி நன்றாக உணரும். மற்ற பிள்ளைகள் அவளிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். அகழாய்வுத் திடலில் கிடக்கும் ஓடுகளை மட்டும் யாரும் பொறுக்க வேண்டாம்.

அகழாய்வில் மண்ணை வெட்டியவர்களும் சலித்தவர்களும் பெரும்பாலும் எங்கள் சுற்றுவட்டாரத்து மக்கள்தாம், அவர்களில் பெண்கள் ஏராளம். சுடுமண் வளையங்களை அடுக்கிக் கட்டிய உறைகிணற்றின் வளையம் முதலில் தட்டுப்பட்டபோது மண்வெட்டிச் சத்தம் எப்படி மாறியது என்பதை எந்தப் பலகையும் சொல்லாது. அப்படிப்பட்ட ஓர் அக்காவிடம் பிள்ளைகளை அரை மணி நேரம் உட்கார்த்தி வையுங்கள். அன்றைய கூலி போய்விடும் என்பதால் பள்ளியிலிருந்து ஏதாவது கொடுக்க ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.