அப்பாவுக்குப் பம்பிங் 30 சதவீதம்தான்: லோ சோடியம் உப்பு வாங்கலாமா?

செல்வி, திண்டுக்கல்:
அப்பாவுக்கு 67 வயது. மூச்சு வாங்கி, கால் வீங்கி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இதயச் செயலிழப்பு, இதயம் ரத்தத்தை வெளியே தள்ளும் பம்பிங் திறன் 30 சதவீதம்தான் என்றார்கள். இப்போது வீட்டுக்கு வந்துவிட்டார். உப்பைக் குறைக்கணும், தண்ணீர் ஒன்றரை லிட்டர்தான், தினமும் எடை பார்க்கணும். அப்பாவோ ஊறுகாய் இல்லாமல் மோர்சாதத்தைத் தொடமாட்டார். கடையில் விற்கும் லோ சோடியம் உப்பைப் போடலாமா? வீக்கம்தான் வடிந்துவிட்டதே, எடை எதற்கு?

கமலா:
செல்வி, அந்த உப்பை டாக்டரைக் கேட்காமல் வாங்காதேம்மா. அதில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் இருக்கிறது. இந்த நோய்க்குத் தரும் ஸ்பைரனோலாக்டோன், ராமிப்ரில் மாதிரி மாத்திரைகளும் பொட்டாசியத்தை ஏற்றும். அளவு மீறினால் இதயத்துடிப்பே தடுமாறும்.

என் வீட்டுக்காரருக்கும் இதே நோய்தான். அவர் பங்குக் குழம்பை உப்புப் போடுமுன் தனியாக எடுத்துவிடுவேன். டாக்டர் சொன்ன அளவு உப்பைக் காலையிலேயே பழைய குங்குமச் சிமிழில் போட்டு அவர் கையில் கொடுத்துவிடுவேன். நாள் முழுக்க அவ்வளவுதான், எதில் வேண்டுமோ தூவிக்கொள்ளட்டும். சாதத்தில் உப்பே கிடையாது. எலுமிச்சை, மிளகு, சீரகம், மாங்காய் எல்லாம் தாராளம். ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர்மிளகாய் வீட்டுக்குள்ளேயே வரக்கூடாது. எதிரில் வைத்துக்கொண்டு வேண்டாம் என்பது பாவம்.

தண்ணீரையும் காலையில் பாட்டிலில் அளந்து வைப்பேன். காபி, மோர், ரசம் எது குடித்தாலும் அதே டம்ளர் அளவு பாட்டிலிலிருந்து எடுத்துச் செடிக்கு ஊற்றிவிடுவேன். மிச்சம்தான் அவருக்கு.

எடையை விட்டுவிடாதே. கால் வீங்குவதற்கு முன்பே நீர் உள்ளே சேர ஆரம்பித்துவிடும், எடைதான் முதலில் காட்டும். காலையில் சிறுநீர் கழித்ததும், சாப்பிடுமுன், ஒரே மாதிரி உடுப்பில் பார். பால் கணக்கு எழுதும் காலண்டரிலேயே எழுது. மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் செக்கப் தேதிவரை காத்திருக்காதே, உடனே டாக்டருக்குப் போன் போடு.

ரமேஷ், செவிலியர்:
கமலா அக்கா சொன்னது சரி. ஒன்று சேர்க்கிறேன். மூட்டுவலிக்கு மெடிக்கலில் டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் கேட்டு வாங்கிப் போடாதீர்கள். உப்பையும் நீரையும் உடம்பிலேயே தேக்கிவிடும். ஃப்ளூ தடுப்பூசி பற்றியும் டாக்டரிடம் கேளுங்கள். படுத்தால் மூச்சு முட்டுகிறது, தலையணை கூடுதலாகக் கேட்கிறார் என்றால் அதையும் சொல்லுங்கள்.

செல்வி:
ரொம்ப நன்றி. இளநீர் கொடுக்கலாமா அக்கா?

கமலா:
அதிலும் பொட்டாசியம் அதிகம், தண்ணீர்க் கணக்கிலும் வரும். அடுத்த ரத்தப் பரிசோதனை வந்ததும் டாக்டரிடம் கேள். அதுவரை வேண்டாம்.