மூன்றே நாளில் கட்டுரை போடுகிறார்களாம், நம்பலாமா?

பாளையங்கோட்டைக்காரி:
குறுக்குத்துறையில் அமலைச்செடிக்கு நடுவே முழங்கால் சேற்றில் நின்று ஒன்றரை வருடம் நத்தை எண்ணியிருக்கிறேன். பிஎச்.டி.க்கு அதுதான் முதல் கட்டுரை. நேற்று ஓர் ஆய்விதழிலிருந்து மின்னஞ்சல்: 4,500 ரூபாய் கட்டினால் மூன்று நாளில் வெளியீடு, இதழின் மேற்கோள் அளவான இம்பாக்ட் ஃபேக்டர் 7.8. "மதிப்பிற்குரிய ஐயா" என்று என்னை ஆணாக்கியது வேறு உறுத்துகிறது. நெறியாளரோ பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) ஏற்ற இதழ்களின் கேர் பட்டியலில் தேடச் சொல்கிறார். என்ன செய்ய, அண்ணாச்சிமாரே?

பேட்டை அண்ணாச்சி:
தங்கச்சி, அந்தப் பட்டியலை 2025 பிப்ரவரியிலேயே யுஜிசி கைவிட்டாச்சு. தரம் பார்ப்பது இப்போது கல்வி நிறுவனத்தின் பொறுப்பு. அப்புறம் அந்த 7.8. முறையான எண்ணைக் கிளாரிவேட் என்ற நிறுவனம் வெளியிடும். 2022, 2023இல் ஓர் இதழில் வந்த கட்டுரைகள் 2024இல் எத்தனை முறை மேற்கோளானதோ, அதை அந்தக் கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுத்தால் 2024க்கான எண். சராசரிதான். நாலு கட்டுரை ஓடினால் மிச்சமும் அதன் நிழலில் உட்காரும். போலி இதழ்கள் எண்ணையும் தாங்களே போட்டுக்கொள்ளும்.

தென்காசி சாரல்:
நானும் 2017இல் இப்படிப் பணம் கட்டினேன். "அட்டவணை 3ஐ இங்கே சேர்க்கவும்" என்று எனக்காக எழுதிவைத்த குறிப்பும் அப்படியே அச்சாகியிருந்தது. ஒருத்தரும் படிக்கவில்லை! ஆசிரியர் குழுவில் ஒருவருக்கு எழுதிக் கேளுங்கள். தன் பெயர் அங்கே இருப்பதே பலருக்குத் தெரியாது.

பாளையங்கோட்டைக்காரி:
சரி, மூன்று பேருக்கு எழுதினேன். ஒருவர் பதில் போட்டார்: "அது என்ன இதழ்?"